நாலு மணி நேரப் பத்தியம்

ஷைலா அனுப்பிய செய்தியில் பதினொரு கட்டளைகள் இருந்தன. மோசேக்குக் கிடைத்ததே பத்துதான்.

ஷைலா என்னோடு நர்ஸாக இருந்தவள். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த தோல் மருத்துவமனையில் இப்போது அவள்தான் பொறுப்பு. முகச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இனிமேல் வாயால் எதுவும் சொல்லப் போவதில்லையாம். ஊசி போட்டு எழுந்ததும் செல்போனுக்கு ஒரு செய்தி போய்விடுமாம். "தப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டிருந்தாள்.

வாசித்தேன். நாலு மணி நேரம் படுக்கக்கூடாது, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது, அன்றைக்கு ஓடியாடி வேலை செய்யக்கூடாது, ஆவி பிடிக்கக்கூடாது, இரண்டு வாரம் பியூட்டி பார்லர் பக்கம் போகக்கூடாது. பக்கத்திலேயே சின்னச் சின்னப் படங்கள். ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இதே கட்டளைகளை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி அனுப்பிய ஒரு பெண்ணின் கண்ணிமை விழுந்து, நாற்பது நாள் நான் தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறேன். அதனால் ஷைலாவுக்கு ஒரு வரியில் பதில் அனுப்ப முடியவில்லை. இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

நான் நர்ஸ் படித்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அந்த வருடங்களைப் பற்றி எழுதப் போனால் கஞ்சி போட்ட தொப்பியைப் பற்றித்தான் எழுத வேண்டும், விட்டுவிடுகிறேன். அதன்பிறகு இருபது வருடம் அறுவை வார்டு. கால் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்த பிறகு, 2004-இல், நாகர்கோவிலில் புதிதாகத் தொடங்கிய தோல் மருத்துவமனையில் சேர்ந்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொன்னார்கள். அது பொய் என்பது முதல் வாரமே தெரிந்துபோயிற்று.

முதலில் படை, தேமல், கரப்பான் என்று நமக்குத் தெரிந்த சாதாரண நோய்கள்தான் வந்தன. சில வருடம் கழித்துத்தான் சுருக்க ஊசி வந்தது. கிழிந்த வயிற்றைத் தைக்கிற வார்டிலிருந்து வந்தவளுக்கு, நெற்றிக் கோட்டுக்கு ஊசி என்றால் சிரிப்பு வராதா? முதல் நாள் என் உதட்டோரத்தை டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"சிரிக்கணும்னா சிரிங்க எஸ்தர். ஆனா வெளிய போய்ச் சிரிச்சு முடிச்சிட்டு உள்ள வாங்க" என்றார்.

டாக்டரம்மா என்று நாங்கள் சொல்வது டாக்டர் பத்மாவை. ஆள் குள்ளம், குரலும் தாழ்ந்த குரல். தரை பெருக்குகிற ரோசம்மாளைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். ஏசவே மாட்டார். ஏசினால் அன்றோடு முடிந்துவிடும், இவரோ பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். அதற்கு நாலு ஏச்சு வாங்கிக்கொள்ளலாம்.

ஊசி போடும் முறையில் அவர் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, உப்புநீரைக் குப்பியின் உட்சுவரோரமாக மெதுவாக இறக்குவார். குலுக்கமாட்டார், உருட்டுவதோடு சரி. வந்தவரை நேராக உட்காரவைத்து, "ஒரு ஆளை மொறைச்சுப் பாருங்க" என்பார். புருவங்களுக்கு நடுவே சுருங்குகிற தசை எங்கே கூடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து, வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளி வைப்பார். பிறகு ஒரு காகிதத்தில் முகம் வரைந்து அதே ஐந்து புள்ளியை அதிலும் வைப்பார். நான் ஐஸ் பை வைத்து எடுத்ததும் ஊசி. ரத்தம் பொட்டுப்போல வந்தால் பஞ்சை வைத்து அழுத்தலாம், தேய்க்கக்கூடாது. மருந்து போட்ட தசையிலேயே நிற்க வேண்டும். இறங்கிக் கண்ணிமையைத் தூக்குகிற தசைக்குப் போய்விட்டால் இமை தொங்கிவிடும். எப்போதாவது நடப்பதுதான், தானாகவே சரியாகிவிடுவதும்தான். ஆனால் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஊசிக்குப் பிறகுள்ளது எல்லாம் என் பொறுப்பு. ஒரு மணி நேரம் உள் அறையில் நேராக உட்காரவைப்பேன். மிச்சம் மூன்று மணி நேரம் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வேன். சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவைப்பேன். சாயங்காலம் போன் பண்ணி விசாரிப்பேன். தலைவலி உண்டா, வீக்கம் உண்டா, விழுங்கும்போது தடை உண்டா, மூச்சு முட்டுகிறதா. கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி. எல்லாம் கேட்டு முடித்து, என் நோட்டில் 'பேசியாச்சு' என்ற கட்டத்தில் ஒரு டிக். அந்த நோட்டை வெள்ளிக்கிழமைதோறும் டாக்டரம்மா பார்ப்பார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குளச்சலிலிருந்து ஆயிஷா டீச்சர் வந்திருந்தார், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். நான் விதிகளை ஒப்பித்து முடித்ததும், "தொழுகையில நெத்தியைத் தரையில வைக்கணும் சிஸ்டர். அது படுக்கிறதுல சேருமா, தேய்க்கிறதுல சேருமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் வந்து, "எனக்கும் தெரியாது டீச்சர்" என்றார். பிறகு, "காலைத் தொழுகைக்கு அப்புறம் அடுத்தது எப்போ?" என்று கேட்டார். மத்தியானம் பன்னிரண்டரைக்கு என்றார் டீச்சர். "அப்போ நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க. நாலு மணி நேரம் கிடைக்குது. கேள்வியே வராது." மறுநாள் எட்டு மணிக்கு, ரோசம்மாள் வருவதற்கு முன்னாலேயே, டாக்டரம்மா தானே பூட்டைத் திறந்து ஊசி போட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

இரண்டு மூன்று வருடம் கழித்து முட்டத்திலிருந்து செலின் வந்தாள். நாற்பத்தெட்டு வயது. கரையில் மீனை ஏலம் எடுத்துக் கேரளத்துக்கு ஏற்றி அனுப்புகிறவள். முப்பது வருடம் கடல் வெயிலில் கண்ணைச் சுருக்கி வள்ளம் வருகிறதா என்று பார்த்த முகம். இரண்டு புருவத்துக்கும் நடுவே ஆழமாக இரண்டு கோடு விழுந்திருந்தது.

"சிஸ்டரே, எனக்குக் கோவமே கெடையாது. எனக்க மூஞ்சிதான் கோவப்படுது" என்றாள் உட்காரும்போதே.

ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஏழு வாரம் இருந்தது. நிச்சயத்தன்று எடுத்த படங்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினாள். பெண் சிரிக்கிறாள், மாப்பிள்ளை சிரிக்கிறான், செலின் யாரையோ ஏசிக்கொண்டு நிற்கிறாள். எல்லாப் படத்திலும் அப்படியே.

"சம்மந்திக்காரி கேட்டுப்போட்டாவ சிஸ்டரே. 'அம்மைக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்லியா, இப்பமே சொல்லிருங்கோ'ன்னு. மக கெடந்து கரைஞ்சா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தக் கல்யாணத்துக்காவ ஓடி ஓடி காலு தேஞ்சது எனக்காக்கும். கோயில்ல நிக்கும்போ எனக்க மூஞ்சி எனக்க மனசு மாதிரி இருக்கணும். ஒரு நாளு இருந்தாப் போதும்."

சுருக்க ஊசியைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு அன்றைக்கு முற்றாகப் போயிற்று.

டாக்டரம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழு வாரம் இருப்பது நல்லதுதான், ஊசி முழுதாக வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்றார். வரக்கூடிய தொந்தரவுகளையும், இமை இறங்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். செலின் சம்மதித்தாள். ஐந்து புள்ளி. நான் வைத்த ஐஸ் பையைத் தொட்டுப் பார்த்து, "இந்த ஐஸ் மீனுக்கு ஆவாது சிஸ்டரே" என்றாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

உள் அறையில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னேன். ஏலம் எடுக்கிறவளுக்கு ஞாபகசக்திக்குக் கேட்கவா வேண்டும்? ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். ஆனால் இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டாள். பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கணவர் ஆழ்கடல் போட்டில் போயிருக்கிறார். வீட்டில் இருப்பது மகளும் நாத்தூனும். நாத்தூன் என்றால் கணவரின் தங்கை, பிலோமினா. இந்த பஸ்ஸை விட்டால் பிலோமி தேடத் தொடங்கிவிடுவாள்.

"ஊருக்குத் தெரிஞ்சா, கல்யாணம் மகளுக்கா அம்மைக்கான்னு கேட்டுச் சிரிப்பாவ. ஆருகிட்டயும் சொல்லாண்டாம் சிஸ்டரே. போனும் செய்யாண்டாம், எனக்க போனை எடுக்கியது பிலோமியாக்கும்."

அனுப்பிவிட்டேன். சாயங்காலம் போனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். அவள் கெட்டிக்காரி, எல்லாம் ஒழுங்காகச் செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'பேசியாச்சு' கட்டத்தில் டிக் போட்டேன். இருபத்தெட்டு வருட வேலையில் நான் பேசாமல் போட்ட டிக் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மருத்துவமனை போன் அடித்தது. எடுத்தால் ரகசியக் குரல்.

"சிஸ்டரே, செலினாக்கும். எடது கண்ணு தொறக்கமாட்டேங்கு. முந்தாநேத்தே தொடங்கிச்சு. வாதமுன்னு சொல்லி பிலோமி என்னைய ஆசானுக்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கா. நான் கெணத்துப் பக்கம் நின்னு பேசுகேன். எண்ணெ காய்ச்சியாச்சு. மூஞ்சிய உழியப் போறாவ."

ஆசான் என்றால் வர்ம வைத்தியர். எங்கள் மாவட்டத்தில் கை பிசகினாலும் கால் பிசகினாலும் முதலில் போவது ஆசான் வீட்டுக்குத்தான். கடைசியில்தான் எங்களிடம் வருவார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊசி போட்ட முகத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்து உழிந்தால்? அதைவிட, நிஜமாகவே பக்கவாதமாக இருந்தால்? வார்டில் கற்ற பாடம், கை நடுங்கினாலும் கேள்வி நடுங்கக்கூடாது.

"வாய் கோணுதா? கண்ணாடியில பாத்தீங்களா?"

"இல்ல."

"ரெண்டு கையையும் தூக்குங்க. ஒண்ணு தாழுதா?"

"இல்ல சிஸ்டரே, நல்லாத் தூக்க முடியுது."

"பேச்சு குழறுதா, விழுங்க முடியுதா, ரெண்டு ரெண்டாத் தெரியுதா, மூச்சு?"

"காலத்த நாலு இட்டிலி தின்னேன். கண்ணு மட்டுந்தான்."

மூச்சு விட்டேன். "செலின், இது வாதம் மாதிரி தெரியல்ல. ஊசி மருந்து இறங்கியிருக்கு. சரியாயிடும். ஆனா முகத்துல யாரும் கை வைக்கக்கூடாது. ஆசான்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லட்டுமா?"

மறுமுனையில் கிணற்று உருளைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அவருகிட்ட மட்டும்" என்றாள்.

போன் கை மாறியது. நரைத்த தாடிக் கிழவரை மனத்தில் வைத்துப் பேசத் தொடங்கினேன். குரலைக் கேட்டால் என்னைவிடச் சின்னவர்.

"எந்த ஊசி சிஸ்டரே?" என்று உரக்கவே கேட்டார். சொன்னேன். எத்தனை நாளாயிற்று, எந்த இடம், மருந்து எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்டார். டாக்டர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நல்லகாலம், சொன்னியளே. நான் தொடல்ல. நீங்க பயப்படாண்டாம், நான் பாத்துக்கிடுதேன்."

என்ன பார்த்துக்கொண்டார் என்பது பிறகு செலின் சொல்லித்தான் தெரியும். காய்ச்சிய எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார். திண்ணென்று பிலோமியின் முன்னால் வந்து நின்று, "இது வாதமில்ல. இமை நரம்புல அசதி. எண்ணெ கூடாது. நாகர்கோவில்ல ஒரு டாக்டரம்மை உண்டு, இன்னைக்கே காட்டணும். பொறவு நாப்பது நாளு பத்தியம்" என்று சொன்னாராம்.

"என்ன பத்தியம் ஆசானே?" என்று கேட்டாள் பிலோமி.

"நெத்தியில ஆரும் கை வைக்கப்பிடாது. தைலம் கிட்ட கொண்டு வரப்பிடாது. இந்தக் கண்ணைப் பத்தி ஆரும் ஒண்ணும் கேக்கவும்பிடாது. கேட்டா பத்தியம் முறிஞ்சுபோவும்."

கடைசியில் சொன்னது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் அதைவிட நல்ல மருந்தை அன்றைக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

மத்தியானமே வந்தார்கள். பிலோமி வெளி ஹாலில் கையில் குடையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே செலின் முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். எடுத்ததும் பார்த்தேன். வலது கண் விழித்திருக்கிறது, இடது கண் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. கண்மணியில் பாதிதான் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போனபின் என்ன நடந்தது என்று டாக்டரம்மா கேட்டார்.

"தலைவலி வந்துது டாக்டரம்மா. நான் ஒண்ணும் சொல்லல்ல, நெத்தியப் பிடிச்சதை பிலோமி பாத்துட்டா. 'வாங்க மைனி'ன்னு மடியில கெடத்தி, தைலத்தைப் போட்டு, நடு நெத்தியில இருந்து ரெண்டு பக்கமும் இழுத்து இழுத்துத் தேச்சா. அரை மணிக்கூறு. வேண்டாமுன்னு எப்படிச் சொல்லுவேன்? எதுக்கு வேண்டாமுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விதி ஒவ்வொன்றையும் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் வீட்டில் யாரிடமாவது வாயைத் திறக்க வேண்டும். அந்த வாயை மூடி அனுப்பிவைத்தவளே நான்தான். அன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணியிருந்தால், பிலோமியே எடுத்திருந்தாலும், ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தைலத்தை நிறுத்தியிருக்கலாமே.

செலின் கேட்டது ஒன்றுதான். "கல்யாணத்துக்குள்ள சரியாவுமா?"

"நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகலாம்" என்றார் டாக்டரம்மா. "இது நிலைக்காதுன்னு வாக்குத் தரேன். கல்யாணத்துக்கு முன்னாலன்னு வாக்குத் தரமாட்டேன், அது என் கையில இல்ல. ஒரு சொட்டு மருந்து இருக்கு, இமையைக் கொஞ்சம் தூக்கும். கண் டாக்டர்கிட்டயும் கேட்டுட்டுத் தரேன்."

இன்னும் நாற்பது நாள் இருந்தது. சம்மதம் இல்லையா என்று கேட்ட சம்மந்தி இப்போது நோயாளி என்று சொல்வாள். அதை வாய்விட்டுச் சொன்னவள் செலின்தான், சொல்லிவிட்டு ஒரு கண்ணால் அழுதாள்.

அவள் போனதும் நோட்டைக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் முன்னால் விரித்தேன். "இந்த டிக் பொய்" என்றேன். "நான் பேசல்ல. ஒரு மணி நேரம் உட்காரவைக்கவும் இல்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். வேலை போனால் போகட்டும், இந்தப் பார்வை முடிந்தால் சரி என்று இருந்தது எனக்கு. பிறகு பேனாவை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"அடிச்சிட்டு, பேசலன்னு எழுதுங்க."

எழுதினேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து செலினின் காகிதத்தை எடுத்தார். வரைந்த முகத்தில் ஐந்து புள்ளி. இடது பக்கப் புள்ளியில் விரலை வைத்தார்.

"இது ஒரு நூல் தாழ்ந்து போச்சோன்னு எனக்கு அன்னைக்கே தோணிச்சு எஸ்தர். நானும் எழுதல்ல." சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் எழுதினார். "தைலமா இருக்கலாம், படுத்ததா இருக்கலாம், என் ஊசியா இருக்கலாம். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால எல்லாருமா சேர்ந்து அந்த அம்மாவைப் பாத்துக்குவோம்."

அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். துக்கத்தில் அல்ல. பாரத்தைப் பாதியாகப் பங்குபோட ஒரு ஆள் கிடைத்தால் வருகிற அழுகை அது.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் போன். பத்தியம் என்று ஆன பிறகு யார் எடுத்தால் என்ன? பிலோமியே எடுத்து, "மைனி, பத்தியத்துக்க சிஸ்டர்" என்று அண்ணியிடம் கொடுப்பாள். செலின் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கண்ணின் கருப்பு எவ்வளவு தெரிகிறது என்று சொல்வாள். "இன்னைக்குப் பாதி." "இன்னைக்கும் பாதி." "பாதிக்கு ஒரு மயிரிழை மேல." கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள், முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையும் பாதிதான். இரண்டாவது ஓலைக்கு முக்கால். கேட்டுவிட்டு டிக் போடுவேன். ஊர்க்காரர்கள் யாரும் கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆசான் சொன்ன பத்தியத்தை முறித்த பழியை யார் ஏற்பார்கள்? விதி என்றால் எதற்கு என்று கேட்கிற ஜனம், பத்தியம் என்றால் அரிசியைக்கூட மாற்றிச் சமைக்கிறது.

மூன்றாவது ஓலை வாசித்த மறுநாள், திங்கட்கிழமை. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. நான் கூப்பிடுவதற்கு முன்னால் அவளே கூப்பிட்டாள்.

"சிஸ்டரே, ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்கு. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் ஒண்ணுபோலன்னுதான் சொல்லுகா."

பஞ்சு டப்பாவைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோசம்மாள் ஓடி வந்து, மயக்கமா சிஸ்டர் என்று கேட்டாள். மயக்கம் இல்லை, இமை தூக்கியாச்சு என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, என்றாலும் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு டாக்டரம்மாவும் நானும் போனோம். செலின் மகளின் பக்கத்தில் நின்றாள். நெற்றியில் கோடு இல்லை, கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. அவள் முதல்நாள் சொன்னதுபோல, முகம் மனசு மாதிரியே இருந்தது. சம்மந்திக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பமாக்கும் எனக்கு நிம்மதி. உங்களுக்குச் சம்மதமுன்னு இப்பம் பாத்தாலே தெரியுது" என்றார். படம் எடுக்கிறவர் ஒரு தடவைகூட 'சிரிங்கம்மா' என்று சொல்லவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் மீன்குழம்பு விளம்பிக்கொண்டு வந்த பிலோமி, வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சிஸ்டரே, அந்த ஊசியில இமை விழுந்தது தைலம் தேச்சதுனாலயா?"

இலையிலிருந்து கையை எடுத்தேன். "எந்த ஊசி?"

"ஆசானும் இதைத்தான் கேட்டாரு. தட்டிக்கு அந்தால நான் இருந்தேனே, எனக்கும் கேட்டுது."

"அப்போ இத்தனை நாளும் தெரியுமா? ஏன் மைனிகிட்டச் சொல்லல்ல?"

"அவிய மறைச்சதை நான் எப்படிக் கேப்பேன்? பொறவு பத்தியம் வேற." இரண்டு கையையும் என் முன்னால் விரித்தாள். "எனக்க கையாலதான் தேச்சேன் சிஸ்டரே. மக கல்யாணத்துல அம்மைக்க கண்ணைக் கெடுத்த பாவி நான்னு நெனச்சு நெனச்சு, நாப்பது நாளா எனக்கு ஒறக்கம் கெடையாது. ஆருகிட்டச் சொல்ல?"

நானும் டாக்டரம்மாவும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொண்டோம். மூன்றாம் பங்கை ஒருத்தி தனியாகச் சுமந்துகொண்டு, தினமும் காலையில் எனக்குப் போனை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளாவது நான் அவளிடம் இரண்டு வார்த்தை பேசினேனா?

டாக்டரம்மா என்னிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் அவளிடம் சொன்னேன். தைலமாக இருக்கலாம், படுத்ததாக இருக்கலாம், ஊசியாக இருக்கலாம், எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் அனுப்பிவைத்தது நான் என்பதையும் சொன்னேன்.

"அப்பம் எனக்கு மட்டும் இல்ல?"

"உங்களுக்கு மட்டும் இல்ல."

பிலோமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். எழுந்து, வாளியைத் தூக்கி, என் இலையில் இன்னும் இரண்டு துண்டு மீனைப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரை, ஊசி போட்டு எழுந்த யாரிடமும் நான் விதியில் தொடங்கியதில்லை. "வீட்டுல யாருக்குத் தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி. யாருக்கும் தெரியாது என்றால், "நாலு மணி நேரம் பத்தியம்னு சொல்லிடுங்க, மேல யாரும் கேக்கமாட்டாங்க" என்பேன். இது பொய்யாகாதா என்று டாக்டரம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். மருந்து உண்டென்றால் பத்தியமும் உண்டு, இதில் பொய் எங்கே இருக்கிறது என்றார்.

ஷைலா, உன் பதினொன்றும் சரி. அப்படியே அனுப்பு. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேள். சாயங்காலம் போன் பண்ணு. யார் எடுத்தாலும் அவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசு. பேசிய பிறகு மட்டும் டிக் போடு.